நடத்தை: திருப்தி

ஜூன் 2, திங்கள்

காலை ஐந்தரைக்குக் கூண்டுகளைக் கழுவியாயிற்று. மூன்று நாய்களுக்கும் சீப்பு போட்டேன். பிஸ்தாவின் காது மடலுக்குள் ஓர் உண்ணி. எடுத்து நசுக்கினேன். முழங்கால் வலி நேற்றைக்குப் பரவாயில்லை.

வியாழக்கிழமை பிஸ்தாவுக்குக் கடைசித் தேர்வு. பார்வையில்லாதவர்களை நடத்திப் போகும் நாயாக அது தேறுமா என்பது அன்றைக்குத் தெரியும். எட்டு மாதமாகப் பழக்கியவனும் நான், தேர்வு வைப்பவனும் நான். இது சரியில்லை என்று ரேணுகா மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். "வேற யாரு சார் இருக்காங்க நம்மகிட்ட?" என்றார். அதுவும் உண்மைதான். இந்த மையத்துக்கு நிர்வாகி அவர் ஒருவர், பயிற்சியாளன் நான் ஒருவன்.

திருச்சியில் போலீஸ் மோப்பநாய்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அங்கே சொன்னதைச் செய்வதுதான் நல்ல நாய். இங்கே, சொன்னாலும் செய்யக்கூடாத இடத்தில் செய்யாமல் நிற்பதுதான் நல்ல நாய். முன்னால் குழி இருக்கும்போது 'நேரா' என்று உத்தரவு வந்தால் நகரக் கூடாது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இதை நானும் புதிதாகத்தான் கற்றுக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

தேர்வு முடிந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு, இடது கையில், பிஸ்தாவின் உடம்பில் மாட்டிய ஹார்னஸ் வாரின் பிடியோடு காந்திபுரம் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தேன். மேடம் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

திறந்து கிடந்த சாக்கடைக்கு ஒரு முழம் முன்னால் பிஸ்தா நின்றது. குறுக்கே நிறுத்தியிருந்த பைக்கைச் சுற்றி என்னை இடிக்காமல் கூட்டிப் போனது. ஆட்டோ வரும்போது 'நேரா' என்றேன், அசையவில்லை. மார்க்கெட் சந்தில் தள்ளுவண்டிக்கு அடியிலிருந்து தெருநாய்கள் குரைத்தன. அங்கே சிறு தயக்கம். பிறகு நடந்தது.

படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள். 'பிற நாய்களிடம் நடத்தை' என்பதற்கு எதிரே 'திருப்தி' என்று எழுதினேன்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு முன் கொடுத்த இரண்டு நாய்களும் திரும்பி வந்தவை. ஒன்றுக்கு இடுப்பு எலும்பில் கோளாறு. இன்னொன்றை வீட்டுச் சொந்தக்காரர் ஏற்கவில்லை. இதுவும் தவறினால் மையத்தை ஆதரிப்பவர்கள் கையை விரித்துவிடுவார்கள் என்று போன மாதமே சொல்லியிருந்தார்.

ஜூன் 9, திங்கள்

வடவள்ளியிலிருந்து ஷர்மிளா பேசினார். குட்டியிலிருந்து ஒரு வருடம் பிஸ்தாவை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுத்தவர். பேர் வைத்ததும் அவர்தான். தேறிவிட்டது என்றதும் சந்தோஷப்பட்டார். கொஞ்சம் பொறுத்து, "ஏழு மாசத்துல நடந்ததை உங்ககிட்ட சொல்லியிருக்கேன்ல சார்?" என்றார்.

"சொல்லியிருக்கீங்க."

"அது இப்ப சரியாயிடுச்சா?"

ஆயிற்று என்றேன். மழை வரும்போல் இருந்ததால் துணி எடுக்க வேண்டும் என்று போனை வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

மங்கையர்க்கரசி சேலத்திலிருந்து அப்பாவோடு வந்து சேர்ந்தார். வயது முப்பத்தொன்று. பத்தொன்பதாவது வயதில் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் கொப்புளித்து, உயிர் தப்பியது, கண் தப்பவில்லை. அதன் பிறகு படித்து, பரீட்சை எழுதி, ஒன்பது வருடமாக வங்கியில் வேலை.

அப்பா குழந்தைவேல் ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி இல்லை. ஒன்பது வருடமும் காலையில் மகளைக் கைபிடித்து வங்கிக்குக் கூட்டிப்போய், மாலையில் கூட்டி வந்தவர். மார்ச்சில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். எங்கள் வாசல் படி நாலு ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கப்புறம்னு எல்லாரும் பேசுறாங்க சார். இப்பவே முடியலைங்களே" என்றார்.

மகளை விட்டுவிட்டு அவர் மட்டும் பஸ் ஏறினார். வண்டி கிளம்பியதும் மங்கை கேட்டார்: "அப்பா அழுதாருங்களா சார்?"

"இல்லம்மா."

"பொய்" என்று சிரித்தார்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் இரண்டு நாள் நாயைக் கொடுப்பதில்லை. ஹார்னஸை நான் பிடித்துக்கொண்டு முன்னால் நாய்போல நடக்க வேண்டும், பிடியை அவர் பிடித்துக்கொண்டு உத்தரவு கொடுக்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"இப்ப நீங்கதான் பிஸ்தாவுங்களா?"

"ஆமாம்மா."

"பிஸ்தா, நேரா! பிஸ்தா, இடது! ஐயோ, போலீஸ்காரரை இப்படி அதட்டலாமுங்களா?"

சமையல் அம்மாள் ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மங்கையின் குரல் தெளிவு. பிடியில் இறுக்கம் அதிகம். ஒன்பது வருடமாக ஒரு கையைப் பிடித்தே நடந்தவர். விட்டுவிடுவார்களோ என்று அழுத்திப் பிடிக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

பிஸ்தாவைக் கொடுத்தோம். அறையில் இருவரையும் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மங்கை தரையில் படுத்திருக்கிறார், பிஸ்தா அவர் வயிற்றின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது. "சார், சத்தம் போடாதீங்க" என்றார் கிசுகிசுவென்று.

ஜூன் 24, செவ்வாய்

பேரூர் சாலையில் முதல் நீள நடை. நான் பின்னால். கிளம்பிய ஐந்தாவது நிமிடம் மங்கை "சார்! சார்!" என்று கத்தினார். பதறிப் போய் ஓடினேன்.

"காத்து மூஞ்சில அடிக்குதுங்க சார்."

"காத்தா?"

"பன்னெண்டு வருசமாச்சு சார் இவ்ளோ வேகமா நடந்து. அப்பாகூட நடக்கறப்ப மெதுவாத்தான் நடப்போம். காத்து அடிக்காது."

முகமெல்லாம் வியர்வை. சிரிப்பு. பிஸ்தா வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த உத்தரவுக்கு நின்றது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவரால் பார்க்க முடியாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. கையில் வைத்தேன்.

ஜூன் 28, சனி

மங்கை கேட்டார்: "ஏன் சார் தினமும் காலைல ஆறு மணிக்கே கிளம்புறோம்? மார்க்கெட் பக்கம் ஒரு நாளாவது போலாமே?"

வெயில் ஏறினால் தார்ச்சாலை சுடும், பாதம் வெந்துவிடும் என்றேன். அதுவும் காரணம்தான்.

ஜூலை 5, சனி

பயிற்சி நிறைவு விழா. ஆதரவாளர்கள் நாலு பேர் வந்தார்கள். மங்கை பிஸ்தாவோடு நடந்து காட்டினார். புகைப்படம் எடுத்தார்கள். குழந்தைவேல் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பின்னும் தட்டினார்.

ஜூலை 8, செவ்வாய்

சேலம். பதினோரு நாள் கூட இருந்து, வீட்டிலிருந்து வங்கிக்குப் போகும் வழியை இருவருக்கும் பழக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் அறை.

நாளை மங்கையோடு நடக்கும் முன் வழியைத் தனியாக நடந்து பார்த்தேன். வீட்டிலிருந்து வங்கி பன்னிரண்டு நிமிடம். இரண்டு திருப்பம், ஒரு சிக்னல். நடைபாதை மோசம், ஆனால் பிஸ்தாவால் முடியும். கறிக்கடை இருக்கும் குறுக்குத் தெருவில் பதினோரு நாய்கள்.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். அது பெரிய சாலை, நடைபாதையே கிடையாது. லாரி போகிறது.

ஜூலை 9, புதன்

முதல் நாள். மூன்றடி பின்னால் நடந்தேன். போகும் வழியில் ஒரு வேப்பங்குச்சி ஒடித்து வைத்துக்கொண்டேன். கறிக்கடை முன்னால் நாலைந்து நாய்கள் எழுந்தன. குச்சியை ஓங்கினால் போதும், சத்தம் போடவே தேவையில்லை. ஒதுங்கிவிடும்.

மங்கை வங்கிக் கதவைத் தொட்டதும் வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்களாம்.

ஜூலை 12, சனி

கறிக்கடை. குச்சி. இரண்டு கல்.

மங்கை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம தெரு இவ்ளோ அமைதின்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா."

ஜூலை 17, வியாழன்

விதிப்படி இந்நேரம் நான் நூறடி பின்னால் போயிருக்க வேண்டும். இருபதடியில்தான் இருக்கிறேன். குறுக்குத் தெருவில் நுழையும்போது பிஸ்தா ஒருமுறை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு நடந்தது. மங்கைக்கு அது தெரிய வழியில்லை.

மாலை, அவர் பிஸ்தாவோடு தனியாக டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அது வேறு பக்கம் இருக்கும் தெரு. நான் போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. "யாரையும் காத்துக் கெடக்காம, எனக்கு வேணுங்கறப்ப ஒரு டீ" என்று மூன்று தடவை சொன்னார்.

ஜூலை 19, சனி

கிளம்பினேன். மையத்துக்கு அறிக்கை: 'இருவரும் தனியாகச் செல்கிறார்கள்.' மங்கை எனக்கு ஒரு சட்டைத் துணி வாங்கி வைத்திருந்தார். நிறத்தைக் கடைக்காரரிடம் ஐந்து தடவை கேட்டு உறுதி செய்தாராம். நீலம்.

ஜூலை 24, வியாழன்

போன் வரவில்லை. நல்லதுதான்.

ஜூலை 29, செவ்வாய்

மங்கை பேசினார். பிஸ்தா குறுக்குத் தெரு முனையில் நிற்கிறதாம். 'நேரா' என்றால் நகர்வதில்லை.

"முன்னாடி குழி ஏதாச்சும் தோண்டியிருக்காங்களான்னு அக்கம்பக்கத்துல கேட்டேன் சார். ஒண்ணுமில்லைங்கறாங்க. நான்தான் ஏதோ தப்பா சொல்றேன் போல. குரல் சரியில்லைங்களா?"

"உங்க மேல தப்பில்லம்மா. நாய் குரைக்குதா அங்க?"

"குரைக்குதுங்க. அது எல்லாத் தெருவுலயும் குரைக்குமில்லைங்களா?"

இந்த வாரம் வருகிறேன் என்றேன். புதுக் குட்டிகள் இரண்டு வருகின்றன, திங்கட்கிழமை வரை இருங்கள் என்று மேடம் சொன்னார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை பத்தேகாலுக்குக் குழந்தைவேல் பேசினார். மூச்சு வாங்கியதில் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில் நெடுநேரம் ஆனது. குறுக்குத் தெரு முனையில் நாய்கள் விழுந்து பிடுங்கிவிட்டன. பிஸ்தா ரத்தம். மங்கை கீழே விழுந்து கை முறிந்தது.

பதினொரு மணி பஸ்.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று எழுத முடியவில்லை.

பிஸ்தாவுக்குக் கழுத்திலும் காதிலும் பதினான்கு தையல். என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை. வாலின் நுனி மட்டும் தரையில் இரண்டு தடவை தட்டியது.

மங்கைக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஹார்னஸ் பிடித்திருந்த கை. விழும்போதும் பிடியை விடவில்லையாம். விட்டிருந்தால் கை முறிந்திருக்காது. விட்டிருந்தால் பிஸ்தா ஓடித் தப்பியிருக்கலாம் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"விட்டா ரோட்டுல ஓடி வண்டியில அடிபட்டுரும்னு நினைச்சேன் சார். இழுத்து என் மேல போட்டுக்கலாம்னு பார்த்தேன். எது பிஸ்தா சத்தம், எது அதுங்க சத்தம்னே தெரியலை. எல்லாம் ஒரே மாதிரி கத்துச்சு. கையால தடவறேன், ஈரமா இருக்குது. அது பிஸ்தாவா, வேற நாயான்னு தெரியலை. 'பிஸ்தா, பிஸ்தா'ன்னு கூப்பிட்டுட்டே இருந்தேன். கறிக்கடைக்காரர் தண்ணி ஊத்தித்தான் பிரிச்சாராம்."

குழந்தைவேல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து சத்தம் கேட்டதாம். வாசல்வரை வந்தாராம். அதற்கு மேல் கால் வரவில்லையாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சேலம் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். அந்தத் தெரு நாய்களுக்கு ஊசியும் போட்டாயிற்று, கருத்தடையும் செய்தாயிற்று, காதில் வெட்டு அடையாளம் இருக்கும் பாருங்கள் என்றார். பிடித்தாலும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் சட்டம் என்றார். "நீங்களே போலீஸ்ல இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா சார்" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

நாய்களுக்குச் சோறு வைக்கும் சுலோச்சனா அம்மாளைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் அழுதுவிட்டார். "அந்தப் புள்ள நடந்து போறதை மாடில நின்னு தினம் பாப்பனுங்க. சாமி மாதிரி போகும். நான் சோறு வைக்கிறதை நிறுத்திடறேனுங்க." நிறுத்தினால் பசியில் இன்னும் மூர்க்கமாகும், நிறுத்தாதீர்கள் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

யாரைக் குறை சொல்வது என்று எழுத உட்கார்ந்தேன். பேனா மை கக்குகிறது. நாளை வேறு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

பிஸ்தாவுக்குத் தையல் பிரித்தார்கள். நான் இன்னும் சேலம் லாட்ஜில்தான். காதின் ஓரம் கிழிந்தது கிழிந்ததுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஹார்னஸை ஆணியிலிருந்து எடுத்தேன். அதன் வளையச் சத்தம் கேட்டதும் பிஸ்தா கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கூப்பிட்டேன். வரவில்லை. தரையில் ஈரம் பரவி வந்தது. பயத்தில் சிறுநீர் கழித்துவிட்டது.

மங்கை ஒற்றைக் கையால் துணி எடுத்துவந்து துடைத்தார். எங்கே ஈரம் என்று விரலால் தேடித் தேடித் துடைத்தார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன், தரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஹார்னஸைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வாசல்வரை வந்தது. பக்கத்துத் தெருவில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. திரும்பிவிட்டது. மலஜலத்துக்கே மொட்டை மாடிக்குத்தான் கூட்டிப் போகிறோம். நான் லாட்ஜுக்குப் போனபிறகு அந்த மாடிப்படிகளில் குழந்தைவேல் ஒரு படிக்கு ஒரு தரம் நின்று நின்று பிஸ்தாவோடு ஏறுகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மங்கை வங்கிக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் பெண் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போகிறார். நல்ல பெண். ஆனால் அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மங்கைக்கும் விடுப்பு. இந்த வாரம் இரண்டு நாள் அப்படி.

ரேணுகா மேடம் பேசினார். "எப்படியாவது சரி பண்ணிடுவீங்கல்ல சார்?" இருபத்திரண்டு வருடத்தில் நான் பழக்க முடியாத நாய் கிடையாது என்று வேலைக்குச் சேரும்போது அவரிடம் சொல்லியிருந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

மாலை ஆறு மணி. மங்கை வேலை முடிந்து வந்து, பிஸ்தாவின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிளம்ப எழுந்தேன்.

"உக்காருங்க சார். ஒண்ணு கேக்கணும்."

உட்கார்ந்தேன்.

"நீங்க இங்க இருந்த பதினோரு நாளும் அந்தத் தெருவுல ஒரு நாய்கூடக் குரைக்கலை. நீங்க ஊருக்குப் போனதுமே குரைச்சுது. ஒரு மாசமா அதையே யோசிச்சுட்டிருக்கேன்."

குழந்தைவேல் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன பண்ணீங்க சார்?"

சொன்னேன். குச்சியைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். இருபதடிக்கு மேல் பின்னால் போகாததைச் சொன்னேன். பிஸ்தா திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. ஏழு மாதக் குட்டியாக இருக்கும்போது தெருநாய்கள் அதைக் குதறி, இரண்டு மாதம் வாசல் தாண்டாமல் கிடந்தது எனக்கு முதலிலேயே தெரியும். பயிற்சியில் மூன்று தடவை தெருநாய்களைப் பார்த்து நின்றுவிட்டது. நாலாவது தடவை தேர்வு நாளில். 'சிறு தயக்கம்' என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். நாற்பது எண்ணும்வரை நின்றது. என் கண் கட்டியிருந்தது. ஹார்னஸ் பிடி வழியாக அதன் நடுக்கம் என் தோள்வரை வந்தது. அப்படியிருந்தும் கட்டத்தில் 'திருப்தி' என்று எழுதினேன்.

"ஏன் சார்?"

"மையத்தை மூடிருவாங்கன்னு பயந்தேம்மா. நாளாக நாளாகச் சரியாயிரும்னும் நினைச்சேன்." பிறகு, "என்னால முடியலைன்னு எழுத மனசு வரலை" என்றேன். அதுதான் முதல் காரணம். கடைசியாகத்தான் வாயில் வந்தது.

மங்கை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிஸ்தாவின் காதை விடாமல் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பாவும் இப்படித்தாங்க சார். பள்ளம் இருக்குதுன்னு சொல்ல மாட்டாரு. கையைப் பிடிச்சுச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருவாரு. ஒன்பது வருசமா நான் நடந்த ரோடு நேரா இருக்குதுன்னே நினைச்சுட்டிருந்தேன். உங்ககிட்ட வந்தது அதுல இருந்து தப்பிக்கத்தான்."

குழந்தைவேல் "கண்ணு..." என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

பிறகு, நான் இருக்கும் பக்கம் சரியாகத் திரும்பிக் கேட்டார்: "உங்களுக்குப் பயமா இருந்துச்சு, பிஸ்தாவுக்குப் பயமா இருந்துச்சு, அப்பாவுக்குப் பயம். நான் மட்டும் பயமில்லாம நடந்திருக்கேன். அது தைரியமுங்களா சார்?"

போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். படிவத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். வேலையிலிருந்து விலகுகிறேன் என்றும் எழுதினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மேடம் பேசினார். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ" என்றேன்.

"நான் கேட்டிருக்கணும் சார்" என்றார். "கேட்டா நீங்க சொல்லிடுவீங்களோன்னுதான் கேக்கலை."

மையத்தில் இனிமேல் நாய் கொடுப்பது இல்லை என்று முடிவாகியிருக்கிறது. இருக்கும் நாய்களுக்கு வீடு பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 10, புதன்

பிஸ்தாவை என்ன செய்வது என்று மங்கையே முடிவெடுத்தார். வீட்டு நாயாக வைத்துக்கொள்ளலாம் என்று குழந்தைவேல் கெஞ்சினார். தினமும் மாடி ஏறுகிறேன், எனக்குப் பழகிவிட்டது என்றார்.

"ஒரு நாயி வாழ்நாள் பூரா மொட்டை மாடியிலயே இருக்க முடியுமாப்பா? அதுக்கும் நடக்கணுமில்ல?"

ஷர்மிளா இப்போது ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர் உள்ள தோட்ட வீட்டுக்குக் குடி போயிருக்கிறார். கேட்டேன். உடனே வருகிறேன் என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஷர்மிளா காரில் வந்தார். பிஸ்தா அவரை மறக்கவில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக முழு வாலும் ஆடியது. மங்கை அந்தச் சத்தத்தைக் கேட்டார். வால் கதவில் பட்டுப் பட்டுச் சத்தம்.

"சந்தோசமா இருக்குதுங்களா சார் அது?"

"ஆமாம்மா." இதில் பொய் இல்லை.

வாசலில் கார் கதவு திறந்து நின்றது. மங்கை பிஸ்தாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்னவென்று கேட்கவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டார். பிஸ்தா ஏறியது. ஏறிவிட்டு மங்கையும் வருவார் என்று நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துச் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது.

அதன் பிறகுதான் அவர் அழுதார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் விடைபெறப் போனேன். மங்கை புறப்பட்டுத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைக் கம்பு, மடக்கி நீட்டுகிற வகை. கல்லூரியில் கொடுத்ததாம். தெருவில் மகள் கம்போடு போவதைப் பார்க்க அப்பாவுக்கு மனமில்லாமல் பீரோவிலேயே இருந்திருக்கிறது.

"வாங்க சார், தெருவுக்குப் போலாம்."

"எனக்குக் கம்பு பழக்கத் தெரியாதும்மா. நான் நாய்க்காரன்."

"கம்பை நான் பாத்துக்கறேன். கண்ணுல படறதைச் சொல்லிட்டு வாங்க. எல்லாத்தையும். நல்லதா கெட்டதான்னு நீங்க பிரிக்க வேண்டாம்."

இறங்கினோம். என் கையில் ஒன்றுமில்லை. வலது பக்கம் வந்தேன். தொடவில்லை.

"வாசல்ல கோலம். அடுத்த வீட்டு முன்னால ஸ்கூட்டர், கொஞ்சம் வெளியே நீட்டிட்டு. வலது பக்கம் மணல் கொட்டியிருக்கு."

கம்பு மணலைத் தொட்டது. சுற்றி வந்தார். மெதுவாகத்தான் நடந்தார். ஒரு காற்றும் இல்லை. மூன்றாவது வீட்டைத் தாண்டியபோது திருப்பம் தெரிந்தது.

"குறுக்குத் தெரு வருதும்மா. முனையில மூணு நாய் படுத்திருக்கு."

"எவ்ளோ தூரம்?"

"முப்பதடி இருக்கும். ஒண்ணு எழுந்திருச்சு."

நின்றார். கம்பின் நுனியைத் தரையில் ஊன்றினார்.

"இப்ப?"

"பார்த்துட்டிருக்கு. இன்னொண்ணும் எழுந்திருச்சு."

"நீங்க கல்லு எடுக்கறீங்களா?"

"இல்லம்மா."

"சரி."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. நாய்களும் நின்றன. குரைக்கவில்லை. என் முழங்கால் நடுங்கியது, அதையும் சொன்னேன். "எனக்கும்தான்" என்றார். பிறகு, "இன்னிக்கு இதுக்கு மேல முடியாதுங்க சார்" என்று திரும்பினார். நானும் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

குழந்தைவேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எவ்ளோ தூரம் போனீங்க கண்ணு?"

"மூணு வீடுப்பா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மங்கை கம்பை மடக்காமல் கதவோரம் சாய்த்து வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு சார்?"

மத்தியான பஸ்ஸுக்கு எடுத்த டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. ஆறரைக்கு என்றேன்.